சாப்பாட்டுக் கடையில் விறகடுப்பை விட்டு எதற்கு மாறுவது? யாழ்ப்பாணத்து நிலைமைக்கேற்ற ஆலோசனை வேண்டும்

கேள்வி: கொக்குவில் கடைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கொக்குவில் பகுதியில் வாடகைக் கட்டடம் ஒன்றில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறேன். காலையில் இடியப்பம், பிட்டு, தோசை, மதியத்தில் சோறும் கறிகளும், பின்னேரத்தில் வடையும் தேத்தண்ணீரும், இரவில் மறுபடியும் இடியப்பம், தோசை, அவற்றோடு கொத்துரொட்டி என்பதே எங்கள் வழமை. கடையின் பின்புறத்தில் தகரக் கூரையின் கீழ் வரிசையாக விறகடுப்புகள் உள்ளன. கொத்துரொட்டிக் கல்லுக்கு மட்டும் எரிவாயு பயன்படுத்துகிறோம்.

புகையைப் பற்றி அயலவர்கள் முறையிட்டு வருகிறார்கள். சுகாதாரப் பரிசோதனைக்கு வந்தவரும் குசினியின் சுவர்களைப் பார்த்துவிட்டு, புகைபோக்கியை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் எரிபொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சென்றார். சமையலில் நிற்கும் இரண்டு அக்காமாரில் ஒருவருக்கு மாரி காலத்தில் இருமல் நிற்பதேயில்லை. ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எதற்கு மாறுவது என்பதில்தான் தெளிவில்லை. முழுவதும் எரிவாயுவுக்குப் போகலாம் என்றால் 2022 ஆம் ஆண்டில் சிலிண்டருக்காக வரிசையில் நின்றது நினைவுக்கு வருகிறது. மின்சார அடுப்புக்குப் போகலாம் என்றால் கட்டணப் பட்டியலை நினைத்துப் பயமாக இருக்கிறது, கட்டடமும் எனக்குச் சொந்தமில்லை. புகை குறைந்த விறகடுப்பு என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் கடையளவு சமையலுக்கு அது தாக்குப்பிடிக்குமா என்பது தெரியவில்லை. இவற்றைத் தொழிலில் பயன்படுத்திய அனுபவமுள்ளவர்கள், எதிலிருந்து தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற மின்பணியாளர், சுன்னாகம்

தம்பி, உங்கள் கேள்வி முழுக் கடையையும் ஒரே அடுப்பாக எண்ணிக் கேட்கப்பட்டிருக்கிறது. உங்கள் குசினியில் நடப்பது ஐந்தாறு வெவ்வேறு வேலைகள். தண்ணீர் கொதிக்க வைப்பது, ஆவியில் அவிப்பது, சோறு சமைப்பது, கல்லில் சுடுவது, எண்ணெயில் பொரிப்பது, கறி காய்ச்சுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் வெப்பத்தின் அளவும் வேகமும் நேரமும் வேறு. ஆகவே முடிவையும் வேலைவாரியாக எடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எரிவாயுவின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பம் இருக்கிறது. அதன்படி 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருப்பது மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 160 அலகு. கடைகளில் பயன்படுத்தும் பெரிய சுவாலை அடுப்புகளில் தீ பாத்திரத்தின் பக்கமாக ஏறி வெளியே போவதால், அந்த வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகவே உணவைச் சேர்கிறது. 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பயன்படுவது 72 அலகு. காந்தப்புலத்தால் பாத்திரத்தையே நேரடியாகச் சூடாக்கும் இண்டக்சன் மின்னடுப்பில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. எனவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 85 அலகு மின்சாரம் போதும். உங்கள் கடைசி மின்பட்டியலில் ஒரு அலகுக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்து அதை 85 ஆல் பெருக்குங்கள், வரும் தொகையை இன்றைய சிலிண்டர் விலையுடன் ஒப்பிடுங்கள். விலைகள் மாறிக்கொண்டிருப்பதால் இன்றைய ரூபாய்க் கணக்கை நான் இங்கே எழுதுவதில் பயனில்லை, ஆனால் இந்த 85 என்ற எண் மாறாது.

விறகுக்கும் இதே கணக்கைப் போடலாம். நன்கு உலர்ந்த விறகின் ஒரு கிலோவில் 15 மெகாயூல் அளவு வெப்பம் உண்டு. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது, மிகுதி காற்றையும் சுவரையும் சமைப்பவரின் முகத்தையும் சூடாக்குகிறது. அதே சிலிண்டரின் வேலைக்குத் திறந்த அடுப்பில் ஏறத்தாழ 138 கிலோ விறகு எரிய வேண்டும். நன்றாக அமைத்த மூடிய அடுப்பில் 70 கிலோவளவில் முடித்துவிடலாம். விறகுக்காலையில் கொடுக்கும் விலையுடன் ஏற்றுக்கூலியையும் விறகு கொத்தும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், விறகு மலிவு என்ற எண்ணம் பல கடைகளில் நிலைக்காது.

இனி எங்கே தொடங்குவது என்பது. என் பதில் தேத்தண்ணீருக்கான சுடுநீர். 20 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட மின்கொதிகலனில் 1.8 அலகு செலவாகும். எரிவாயுவில் 280 கிராம் வரை போகும். திறந்த விறகடுப்பில் மூன்று கிலோவுக்கு மேல் விறகு வேண்டும், அத்துடன் கேத்தல் நாள் முழுவதும் அடுப்பில் இருப்பதால் தேவையில்லாத நேரத்திலும் விறகு எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலன் சூடு வந்ததும் தானாக நின்றுவிடும். இரண்டாவதாகச் சோற்றை மாற்றலாம். கடைகளுக்கென்று வரும் பெரிய மின் சோற்றுப் பானைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் மாற்றினாலே உங்கள் அடுப்பு வரிசையில் நாள் முழுவதும் எரியும் அடுப்புகள் அணைந்துவிடும்.

கொத்துரொட்டிக் கல்லை எரிவாயுவிலேயே விடுங்கள். அந்தக் கல்லுக்கு வேண்டிய வெப்பத்தை மின்சாரத்தில் கொடுப்பதற்குப் பெரிய இணைப்பு தேவை. மேலும் கொத்து போடும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்துக்குள்ளேயே விழுகிறது. நேரவாரிக் கட்டண வகையில் உள்ளவர்களுக்கு நாளின் மிக விலை கூடிய மின்சாரம் அப்போதுதான்.

இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். உங்களிடம் இருப்பது 30 அம்பியர் தனிப் பேஸ் இணைப்பு என்றால் அதிலிருந்து எடுக்கக்கூடியது ஏறத்தாழ 6.9 கிலோவாற்று. கடைக்கான இண்டக்சன் அடுப்பு ஒன்று 3.5 கிலோவாற்று இழுக்கும். இரண்டை ஒன்றாகப் போட்டால் குளிர்சாதனப் பெட்டிக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் மின்சாரம் மிஞ்சாது. 30 அம்பியர் மூன்று பேஸ் இணைப்பு எடுத்தால் 20 கிலோவாற்றுக்கு மேல் கிடைக்கும். அதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். உள்வயரிங்கைப் பழைய நிலையில் வைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் வாங்கி வந்து சாதாரணப் பிளக்கில் குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக் உருகிய பின்னர்தான் என்னைத் தேடி வருவார்கள்.

பதில் 2: இடியப்பம் அவிப்பவர், கரவெட்டி

தம்பி, ஐயா தந்த கணக்கில் எனக்கு மறுப்பில்லை. இடியப்பத்தையும் பிட்டையும் பற்றி மட்டும் என் தொழிலிலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடையில் அடுப்பு நேரத்தில் பெரும்பகுதி அவற்றுக்கே போகிறது என்று நினைக்கிறேன். நான் வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன், விசேடங்களுக்கு ஓடர் எடுத்துப் பலகாரமும் செய்கிறேன்.

அவிப்பதில் எரிபொருள் வீணாவது அடுப்பினால் மட்டுமல்ல. மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரத்திலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதே தண்ணீர் ஆவியாகிப் போவதற்குச் செலவாகிறது. என் மகன் பாடப்புத்தகத்திலிருந்து இதைக் காட்டிய பிறகுதான், பானை விளிம்பைச் சுற்றிச் சீலை கட்டும் எங்கள் ஆச்சிமாரின் பழக்கம் எவ்வளவு பெரிய சிக்கனம் என்று விளங்கியது. தட்டுகளை அடுக்கி வைத்து இறுக்கமாக மூடும் பெட்டி போன்ற, ஆவியில் அவிக்கும் ஸ்ரீமர்கள் இப்போது வருகின்றன. எரிவாயுவில் வைத்தாலும் மின்சாரத்தில் வைத்தாலும், பழைய பானையையே வைத்துக்கொண்டு அடுப்பை மாற்றுவதைவிட, முதலில் பானையை மாற்றுவது அதிக பலன் தரும். ஆவி பிடித்த பிறகு சுவாலையைப் பாதிக்குக் கீழே குறைத்தாலும் இடியப்பம் அதே நேரத்தில் அவியும். கொதிக்கும் தண்ணீர் நூறு பாகைக்கு மேல் சூடாகாது, கூட எரித்தால் கூட ஆவி வீணாகும், அவ்வளவுதான். விறகில் இந்தக் குறைப்பு வேலை கடினம். கொள்ளியை இழுத்தால் புகையும், தள்ளினால் பொங்கும். எரிவாயுவிலும் இண்டக்சனிலும் அது ஒரு திருகலில் அல்லது ஒரு பொத்தானில் முடிகிறது.

இண்டக்சன் வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடாகாது. அலுமினியப் பானைகள் அத்தனையும் அதற்கு உதவா. மண்சட்டியும் அப்படியே. இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், எங்களிடம் உள்ள பழைய கற்கள் பலவும் நடுவில் வளைந்தவை. வட்ட அடியுள்ள தாச்சியும் அப்பச்சட்டியும் சாதாரண இண்டக்சனில் நிற்கவே மாட்டா. இந்தப் பாத்திரச் செலவை அடுப்பின் விலையோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்கியவர்கள் பிறகு அடுப்பைச் சீலையால் மூடி வைத்திருப்பதை எங்கள் பக்கத்தில் காணலாம்.

மா வறுப்பதைக் குசினிக்குள் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் அதை வெளியே கொடுங்கள். அரைக்கும் ஆலைகள் சிலவற்றில் மாவை வறுத்தும் தருகிறார்கள். கூலி கொடுத்தாலும், பெரிய தாச்சியில் மணிக்கணக்காகக் குனிந்து நின்று வறுக்கும் வேலையும் அந்தப் புகையும் இல்லாமல் போகின்றன.

இன்னுமொன்று. அடுப்பை நீங்கள் வாங்கினாலும் அதன் முன்னால் நிற்கப் போவது அந்த அக்காமார். வாங்குவதற்கு முன்பு அவர்களை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஈரக்கையால் பொத்தான் தொட்டால் வேலை செய்யாத அடுப்பு, சுவாலை தெரியாததால் சூட்டை மட்டுக்கட்ட முடியாத அடுப்பு, நின்றபடி கிண்டுவதற்கு உயரம் ஒத்துவராத மேசை என்று ஆண்கள் பார்க்காத பல குறைகளை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். இருந்து சமைத்துப் பழகியவருக்கு நின்று சமைப்பது முதலில் கால் வலியைத் தரும், இதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 3: வெதுப்பக உரிமையாளர், மானிப்பாய்

மேலே எழுதிய இருவரும் விறகைக் கைவிடுவது முடிந்த விடயம் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை.

எங்கள் வெதுப்பகத்தில் இருப்பது செங்கல்லால் கட்டிய பழைய போறணை. அதற்குள் விறகை எரித்து, கல் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தக் கல்லில் தங்கிய சூட்டிலேயே பாண் போடுகிறோம். முதலில் பாண், சூடு சற்றே இறங்கியதும் பணிஸ், கடைசியில் ரஸ்க் என்று ஒரே எரிப்பில் பல வேலைகள் முடிகின்றன. புகை வருவது எரிக்கும் நேரத்தில் மட்டுமே. அந்த நேரத்தைத் தள்ளி வைத்து, உலர்ந்த விறகையே எரித்து, புகைபோக்கியைப் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே உயர்த்தி, போறணையின் மேல்மூடிக்கு மணலும் சாம்பலும் சேர்த்துத் தடிப்பான உறை போட்ட பிறகு அயலவர்களின் முறைப்பாடு நின்றது, விறகும் குறைந்தது.

எரிபொருள் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது விலை வரலாற்றையும் பார்க்க வேண்டும். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு விற்றது. அந்த மாதத்தில் 2,675 ரூபாவானது, 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. காசைக் கையில் வைத்திருந்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. 2021 இறுதியில் அடுப்புகள் வெடித்த செய்திகளால் இருந்த சிலிண்டரைப் பயன்படுத்தவும் மக்கள் பயந்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் போகலாம் என்றால், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 2022 ஓகஸ்ற்றில் 340 ரூபாவானது. மின்சாரம் 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை துண்டிக்கப்பட்டது. பின்னர் கட்டணம் 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் எரிவாயுவை நம்பியிருந்த வெதுப்பகங்கள் பல மூடப்பட்டபோது, போறணையை இடிக்காமல் வைத்திருந்தவர்கள் பாண் போட்டார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குடாநாட்டுக்கு மின்சாரமும் எரிவாயுவும் இல்லாதிருந்த அந்த ஆண்டுகளில் பனைமட்டையும் தென்னம் பொச்சும்தான் ஊரைச் சமைக்க வைத்தன.

ஆகவே தம்பி, ஒரு விறகடுப்பையாவது வைத்திருங்கள், ஆனால் இப்போது இருப்பதைப் போலல்ல. பெரிய பானைக்கு ஏற்றவாறு, நெருப்பு எரியும் அறை மூடியதாகவும், அடியில் காற்று நுழைய வழியும், பின்னால் புகைபோக்கியும் உள்ளதாகக் கட்டுங்கள். வீடுகளுக்கென்று எண்பதுகளிலிருந்து பரவிய இரட்டைப்பானை அனகி அடுப்பு நல்ல அடுப்பு, ஆனால் அது கடையளவுப் பானையைத் தாங்காது, அதை வாங்கிக் கடையில் வைத்து விட்டுக் குறை சொல்லாதீர்கள். ஏகலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பொன்றை வடிவமைத்திருக்கிறது. அந்த வகை அடுப்பில் நெருப்பு பிடித்த பின்பு புகையைக் காண்பது அரிது. ஆனால் விறகைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும், இடையில் விறகு நிரப்புவதும் சிரமம். அதனால் ஒரே மூச்சில் முடியும் சமையலுக்கே அது பொருந்தும்.

விறகின் ஈரமே புகையின் தாய். பச்சையாக வெட்டிய விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்றுவதற்கே நெருப்பின் பலம் போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு, ஆவணிக்குள் மாரிக்கான விறகை வாங்கிப் பிளந்து, கூரையின் கீழ், நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப் புகும்படி அடுக்கி வைக்க வேண்டும். இதற்கு இடமும் முதலும் தேவை என்பது உண்மை. வாடகைக் கடையின் முற்றத்தில் ஒரு லொறி விறகை அடுக்க முடியாது என்றால் அது விறகுக்கு எதிரான நியாயமான காரணம், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பதில் 4: சுகாதாரத் துறையில் பணியாற்றுபவர், யாழ்ப்பாணம்

வெதுப்பக ஐயா எழுதியது போறணைக்குப் பொருந்தும். அங்கே எரிக்கும் நேரமும் சமைக்கும் நேரமும் வேறு. சாப்பாட்டுக் கடையில் இரண்டும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்குச் சிறிய நுண்துகள்களின் 24 மணித்தியாலச் சராசரி ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. திறந்த விறகடுப்பு எரியும் மூடிய குசினிகளில் அது நூற்றுக்கணக்கில் போகும். புகைபோக்கி அந்தப் புகையைக் குசினியிலிருந்து வெளியே அனுப்புமே தவிர இல்லாமலாக்காது. கொக்குவில் போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் அது இன்னொருவரின் யன்னலுக்குள் நுழையும். இருமல் நிற்காத அந்தச் சகோதரியை நெஞ்சு நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதை அடுப்பு மாற்றம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

எரிவாயுவைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். அது காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழாமல் நிலத்தோடு பரவித் தாழ்வான இடத்திலும் வடிகானிலும் தேங்கும். ஆகவே மேல் யன்னல் மட்டும் போதாது, சுவரின் அடியிலும் காற்றுப் போகத் துவாரம் வேண்டும். சிலிண்டரைக் குசினிக்கு வெளியே, நிமிர்த்தியபடி, வெயில் படாத கூண்டுக்குள் வைப்பது நல்லது. கொத்துரொட்டி அடுப்புக்குப் பயன்படுத்தும் உயர் அழுத்த றெகுலேற்றரைச் சாதாரண அடுப்புக்கு மாட்டுவதும், வீட்டுக்கான மெல்லிய குழாயை உயர் அழுத்த அடுப்புக்கு மாட்டுவதும் கடைகளில் சர்வசாதாரணமாகக் காணப்படும் தவறுகள். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பதைச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

எரிபொருளை மாற்றினாலும் எண்ணெய்ப் புகை மாறாது. வடைத் தாச்சிக்கும் கொத்துக் கல்லுக்கும் மேலே உறிஞ்சு விசிறியுடன் கூடிய கூடாரம் எந்த நிலையிலும் தேவை, அதன் வடியைக் கழுவிக்கொண்டிருப்பதும் தேவை.

மறுமொழி: கொக்குவில் கடைக்காரன்

அனைவருக்கும் நன்றி. என் கடைசிச் சிலிண்டரின் விலையையும் மின்பட்டியலையும் எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுடுநீரிலும் சோற்றிலும் தொடங்குவதற்கு இருக்கும் இணைப்பே போதும் போலத் தெரிகிறது. இடியப்பப் பானையை மாற்றுவதையும் அதோடு சேர்க்கிறேன். மா வறுப்பது கடையில் இல்லை, வறுத்த மாவையே வாங்குகிறோம். கரவெட்டி அக்கா சொன்னபடி சமையல் அக்காமாருடன் பேசினேன். இண்டக்சனைவிட எரிவாயுவையே அவர்கள் விரும்புகிறார்கள், சுவாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். மீன் குழம்பை மண்சட்டியில் வைப்பதை விடச் சம்மதிக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு சந்தேகங்கள் மிஞ்சுகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விறகடுப்புச் சமையல் என்பதற்காகவே எங்களிடம் வருவதாகச் சொல்கிறார்கள், அதை இழந்துவிடுவேனா? அடுத்து, கடையில் நாளாந்தம் 20 கிலோவளவு உணவுக் கழிவு சேர்கிறது. அதிலிருந்து உயிர்வாயு (பயோகாஸ்) எடுத்து அடுப்பெரிக்க முடியுமா?

பதில் 5: இடியப்பம் அவிப்பவர், கரவெட்டி

தம்பி, ஆவியில் அவிந்த இடியப்பத்துக்குப் புகை மணம் ஏறுவதில்லை. ஏறினால் அது பிழையான இடியப்பம். கருவாட்டுக் குழம்பிலும் மீன் குழம்பிலும் அந்த வேறுபாடு தெரியலாம், ஆனால் அதில் பெரும்பங்கு மண்சட்டிக்கும் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வற்ற விடுவதற்கும் உரியது, எரிவாயுவிலும் அதைச் செய்யலாம். வெதுப்பக ஐயா சொன்னபடி புகைபோக்கியுள்ள ஒரு விறகடுப்பை வைத்திருந்தால் கூழும் குழம்பும் அதில் காய்ச்சலாம், விறகடுப்புச் சமையல் என்று சொல்வதும் பொய்யாகாது.

பதில் 6: ஓய்வுபெற்ற மின்பணியாளர், சுன்னாகம்

உயிர்வாயு எடுக்க முடியும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்திருங்கள். பத்துக் கிலோ உணவுக் கழிவிலிருந்து ஒரு கனமீற்றரளவு உயிர்வாயு கிடைக்கும், அது ஏறத்தாழ 0.45 கிலோ எரிவாயுவுக்குச் சமம். உங்கள் 20 கிலோவிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எரிவாயுவின் வேலை கிடைக்கும். மதியத்துக் கறி அடுப்பொன்றை அதில் ஓட்டலாம். அதற்கு இரண்டு மூன்று கனமீற்றர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும், ஏனென்றால் கழிவு உள்ளே ஒரு மாதத்துக்கு மேல் தங்க வேண்டியிருக்கும். தேசிக்காய்த் தோல், புளி, மிஞ்சிய எண்ணெய் ஆகியவற்றை அதிகம் போட்டால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும். அழுகிய முட்டை மணத்தைப் போக்க வாயுக் குழாயின் வழியில் இரும்புத் தூள் அடைத்த சிறு உருளை வைக்கலாம்.

எங்கள் நிலத்தைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். கொக்குவிலும் அடங்கும் வலிகாமத்தின் கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கிணற்று நீரைச் சேர்ந்துவிடும். வயல் உரத்தாலும் மலக்குழிகளாலும் எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே அளவுக்கு மேல் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொட்டியிலிருந்து வெளியேறும் கரைசலில் நைதரசன் நிறைய உண்டு, தோட்டத்துக்கு அது நல்ல பசளை, கிணற்றுக்கு நஞ்சு. ஆகவே நிலத்தைத் தோண்டிக் கட்டும் தொட்டி வேண்டாம். கசிவில்லாத பிளாஸ்ரிக் தொட்டியை நிலத்துக்கு மேலே வையுங்கள், வெளியேறும் கரைசலை மூடிய கலனில் சேர்த்துத் தோட்டக்காரர் எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். அப்படி எடுத்துப்போக ஒருவர் கிடைக்காவிட்டால் இந்தத் திட்டத்தை ஒத்திவைத்து, கழிவைப் பன்றி வளர்ப்பவருக்கோ உரம் தயாரிப்பவருக்கோ கொடுப்பதே பொறுப்பான செயல்.

நிலத்துக்கு மேலே வைத்த தொட்டியை வாடகை முடியும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்பது உங்களுக்கு மேலதிக வசதி. மூன்று பேஸ் இணைப்புக்கு அது பொருந்தாது, அது கட்டடத்தோடு நின்றுவிடும். எனவே அதற்கு விண்ணப்பிக்கும் முன்பு உரிமையாளருடன் பேசி, செலவை வாடகையில் எவ்வாறு கழிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.